7 வருசம் நிண்ட 1987 போர்ஷே 944: வாங்கலாமோ, விடலாமோ?

ஸ்காபரோ_கராஜ்

வணக்கம். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில மார்க்கம் நகரில ஒரு வீட்டுக் கராஜுக்குள்ள 1987 போர்ஷே 944 ஒண்டு நிக்குது. ரேர்போ இல்லை, எஸ் மொடலும் இல்லை, சாதாரண 8 வால்வு, 5 கியர் மனுவல். 7 வருசமா வெளியில எடுக்கேல்லை. விக்கிறவற்ற கதை இதுதான்: நிப்பாட்டேக்க நல்லா ஓடினது, பெற்றோல் பம்ப் மட்டும்தான் போட்டுது, ரைமிங் பெல்ற் மாத்தி 20,000 கிலோமீற்றர்தான். பில் ஒண்டும் கையில இல்லை. மீற்றர் 142,000 காட்டுது. கேக்கிற விலை 4,500 டொலர்.

சிவப்புப் பெயின்ற் மங்கிப் போச்சு, டாஷ்போர்ட் வெடிச்சிருக்கு, பின்பக்கக் கார்ப்பெற் ஈரமா மணக்குது. சனிக்கிழமை போறன். "பற்றரி ஒண்டு போட்டு செல்ஃப் அடிச்சுக் காட்டுறன்" எண்டு அவர் சொல்லுறார். என்னட்டை ஸ்பானர், சொக்கற் செற், ட்ரொலி ஜாக், மல்ரிமீற்றர் இருக்கு. வேலையை நானே செய்யிறதெண்டால், கார் விலையும் சேர்த்து 10,000 டொலருக்குள்ள றோட்டில ஏத்தலாமோ? போனவுடன எதை எதைப் பாக்கோணும்?

பழைய_இரும்பு

முதல் காரியமா இன்னைக்கே அவருக்குப் போன் போட்டு, நான் வர்ற வரைக்கும் பேட்டரி மாட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க சகோ. உங்களுக்கு உதவி செய்றதா நினைச்சு வெள்ளிக்கிழமை ராத்திரியே அவர் ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்த்தார்னா, சனிக்கிழமை நீங்க பார்க்கப் போறது ஹெட் (வால்வுகள் இருக்கிற இன்ஜின் மேல்பகுதி) கழட்ட வேண்டிய வண்டியா இருக்கலாம்.

இந்த 2.5 லிட்டர் இன்ஜின்ல டைமிங் பெல்ட் அறுந்தாலும் சரி, சில பல் தாவினாலும் சரி, திறந்திருக்கிற வால்வுல பிஸ்டன் போய் இடிக்கும். வால்வு வளையும். அதுக்கு இன்ஜின் ஓடணும்னு இல்ல, செல்ஃப் மோட்டார் சுத்துற வேகமே போதும். 7 வருஷம் ஒரே வளைவுல நின்ன பெல்ட் விறைச்சுப் போயிருக்கும். முன்பக்க ஆயில் சீல் ஒழுகி பெல்ட் ஊறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. போதாததுக்கு வாட்டர் பம்பைச் சுத்துறதும் இதே பெல்ட்தான். பம்ப் பேரிங் துருப்பிடிச்சு இறுகியிருந்தா பெல்ட் அங்கேயே சிக்கும். 20,000 கிலோமீட்டர்ங்கிறது உண்மையாவே இருக்கட்டும், வயசு ஒண்ணே அந்தப் பெல்ட்டைத் தூக்கிப் போட வெச்சிடும். இந்த வண்டி வெச்சிருக்கிறவங்க பொதுவா 4 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடுவாங்க.

மீட்டர் கணக்கையும் நம்பாதீங்க. இந்த மாடல் ஓடோமீட்டர்ல ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் நொறுங்கிடும். ஸ்பீடோ முள் வேலை செய்யும், கிலோமீட்டர் மட்டும் நின்னுடும். 142,000ல எத்தனை வருஷமா நிக்குதோ யாருக்குத் தெரியும்.

போகும்போது கையில இருக்க வேண்டியது: 24 மிமீ சாக்கெட், நீளமான ராட்செட், பிளக் சாக்கெட், டார்ச், போன்ல மாட்டுற போரோஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கிற குட்டிக் கேமரா), ஒரு சின்ன புட்டி ஊடுருவும் எண்ணெய், முடிஞ்சா லீக்டவுன் டெஸ்டர் (சிலிண்டர்ல காத்து ஏத்தி எத்தனை சதவீதம் கசியுதுன்னு காட்டுற கருவி). வாடகைக்கும் கிடைக்கும்.

கியரை நியூட்ரல்ல போட்டு நாலு பிளக்கையும் கழட்டுங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் 10, 15 மில்லி எண்ணெய் விட்டு ஒரு மணி நேரமாவது ஊற விடுங்க. முதல் நாளே போய் விட்டு வர அவர் சம்மதிச்சா இன்னும் நல்லது. அந்த நேரத்துல பாடியைப் பாருங்க.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டுங்க. இன்ஜின் முன்னாடி, கேம் ஷாஃப்ட் நுனியிலேயே ரோட்டர் இருக்கும். இப்போ கிராங்க் போல்ட்டை 24 சாக்கெட்ல, வண்டிக்கு முன்னாடி நின்னு பார்த்தா கடிகாரம் சுத்துற திசையில, மெதுவா சுத்துங்க. கீழே இருந்து போனா கை போக இடம் இருக்கும். ரோட்டர் கூடவே சுத்தினா பெல்ட் அறுந்து போகலைன்னு அர்த்தம். ரோட்டர் சும்மா நிக்க கிராங்க் மட்டும் சுத்துதுன்னா அங்கேயே நிறுத்திடுங்க, மேற்கொண்டு பேச்சு ஹெட் வேலையோட விலையை வெச்சுத்தான். திடீர்னு இரும்பு மேல இரும்பு முட்டின மாதிரி நின்னாலும் பலம் போடாதீங்க.

ரோட்டர் சுத்தினா பெல் ஹவுசிங் (பிளைவீலையும் கிளட்ச்சையும் மூடின உறை) ஜன்னல்ல பிளைவீலோட "OT" குறியை (முதல் சிலிண்டர் மேல் உச்சி) கொண்டு வந்து நிறுத்தி, கேம் பல்சக்கரக் குறி அதோட இடத்துல நிக்குதான்னு பாருங்க. ஒரு பல் தள்ளி இருந்தா பெல்ட் தாவியிருக்கு. சரியா இருந்தா ரெண்டு முழுச் சுத்து சுத்தி மறுபடியும் பாருங்க.

கடைசியா லீக்டவுன். ஒவ்வொரு சிலிண்டரையும் மேல் உச்சிக்குக் கொண்டு வந்து காத்து ஏத்தும்போது காதை வெச்சுக் கேளுங்க. த்ராட்டில் பாடில உஸ்னு வந்தா இன்டேக் வால்வு, சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடியில வந்தா ரிங், கூலன்ட் டப்பாவுல குமிழ் வந்தா கேஸ்கெட். குளிர்ந்த இன்ஜின்ல 10, 12 சதவீதம் வந்தா கவலை இல்ல. வளைஞ்ச வால்வு உள்ள சிலிண்டர்ல காத்தே நிக்காது, சந்தேகத்துக்கு இடமே இருக்காது.

போரோஸ்கோப்பை விட்டு சிலிண்டர் சுவரையும் பாருங்க. இது லைனர் இல்லாத அலுமினிய பிளாக். ஆழமான கீறல் இருந்தா வழக்கமான லேத் பட்டறையில போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுத் தப்பிக்க முடியாது. அப்படி இருந்தா வேற வண்டி பாருங்க.

மல்டிமீட்டர்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் உடன்பாடு. "பெட்ரோல் பம்ப் போய்விட்டது" என்ற கதையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் 944 ஓடாமல் போனால் பத்தில் பாதிப் பேர் பம்ப் மேல்தான் பழி போடுவார்கள். முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஎம்இ ரிலே. இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பம்புக்கும் மின்சாரம் கொடுப்பது இந்த ஒரே ரிலேதான். உள்ளே ஈயப்பற்று வெடித்து, சூட்டில் விட்டுவிட்டு வேலை செய்யும், பிறகு ஒருநாள் முழுதாக நின்றுபோகும். தேறிய வண்டியிலும் ஸ்பேர் ஒன்று கையுறைப் பெட்டியில் வைத்திருப்பது வழக்கம்.

சோதிக்க: ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30-ஐயும் 87பி-யையும் பியூஸ் போட்ட ஒயரால் இணைத்தால் பம்ப் நேரடியாக ஓட வேண்டும். பம்ப் வண்டிக்கு அடியில் பின்பக்கம் இருக்கிறது, உறுமல் கேட்கும். ஆனால் டேங்கில் 7 வருடப் பெட்ரோல் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் அத்தனை காலத்தில் பிசினாகிவிடும், அதை இன்ஜெக்டர் வரை தள்ளிவிட்டால் அடைப்பு எடுக்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். டேங்க் அடியில் பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி முழுக்க வடித்து, டேங்க் வாயில் இருக்கும் வலை வடிகட்டியையும் பில்டரையும் மாற்றிய பிறகுதான் பம்ப்.

இன்ஜின் பக்கம் இன்டேக் அருகே வளைந்து வரும் பெட்ரோல் ஹோஸ்கள் இரண்டையும் கையால் மடித்துப் பாருங்கள். வெடிப்பு ஒன்று தெரிந்தாலும், தெரியாவிட்டாலும், மாற்றுங்கள். பழைய 944-கள் தீப்பிடித்து எரிவதற்கு இவைதான் வழக்கமான காரணம்.

பெல்ட் எல்லாம் மாற்றி, பிறகு செல்ஃப் அடிக்கும் நாள் வரும்போது டேக்கோமீட்டர் முள்ளைக் கவனியுங்கள். லேசாகத் துடிக்க வேண்டும். அசையாமல் படுத்திருந்தால் பெல் ஹவுசிங் மேல் இருக்கும் ஸ்பீட், ரெஃபரன்ஸ் சென்சார்களில் ஒன்று போயிருக்கிறது, அல்லது ரிலே. சென்சாரின் முதல் இரண்டு பின்களுக்கு இடையில் 600 முதல் 1,600 ஓம் வரை காட்ட வேண்டும். பிளைவீலிலிருந்து இடைவெளி 0.8 மிமீ. இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றிச் செருகிவிடுவது சர்வ சாதாரணம், மாறினால் ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் பொரிந்துபோன பிளாஸ்டிக், தொட்டாலே உடையும். கழற்றும் முன் அடையாளம் ஒட்டிவிடுங்கள்.

பின்பக்க ஈரம்: கனமான ஹேட்ச் கண்ணாடி அதன் சட்டத்திலிருந்து ஒட்டு விட்டிருக்கும், அல்லது பின்விளக்கு ரப்பர். ஸ்பேர் வீல் குழியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். அதைவிட முக்கியம் முன்பக்கம் பயணி கால்வைக்கும் இடம். அதற்கு நேர் மேலே பேட்டரித் தட்டு. ஆசிட் அரித்து ஓட்டை விழுந்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், இறங்கும் இடத்தில்தான் 1987 வண்டியின் டிஎம்இ கம்ப்யூட்டர் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்காபரோ_கராஜ்

போயிட்டு வந்தன். நல்ல காலம், அவர் பற்றரி போடேல்லை. விசயங்கள்:

ரோட்டர் சுத்துது, குறிகள் ரெண்டும் சரி. லீக்டவுன் 1 முதல் 4 வரையான சிலிண்டருக்கு 9, 8, 9, 12 வீதம். கூலன்ற் டப்பாவில குமிழ் வரேல்லை, ஆனா உள்ளுக்குக் கபிலநிறக் களி மாதிரி, சொக்லற் பால் போல படிஞ்சிருக்கு. டிப்ஸ்ரிக்கில ஒயில் கறுப்பு, பால் நிறம் இல்லை. பயணிப்பக்கக் கார்ப்பெற் காய்ஞ்சிருக்கு, பற்றரித் தட்டில மேல்துரு மட்டும். ஸ்பேர் வீல் குழிக்குள்ள ரெண்டு லீற்றர் தண்ணி. 4ஆம் கியரில போட்டு ஒரு பின்சில்லைத் தூக்கி ஆட்டினா "டொக், டொக்" எண்டு நிறைய விளையாட்டு. பிரேக் லைன் பின்பக்கம் துரு செதில் செதிலா வருது. 4,000க்கு இறங்கினார்.

களி எண்டால் ஹெட் காஸ்கெற் போட்டுதோ?

பழைய_இரும்பு

போகல, பெரும்பாலும். 944ல கூலன்ட்ல எண்ணெய்க் களி பார்த்தா ஹெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி ஆயில் கூலர் சீல்களைப் பார்க்கணும். ஆயில் பில்டர் மாட்டுற ஹவுசிங்குக்கு உள்ளேயே கூலர், அதைச் சுத்தி கூலன்ட். இன்ஜின் ஓடும்போது ஆயில் அழுத்தம் தண்ணியோட அழுத்தத்தைவிடப் பல மடங்கு, அதனால சீல் கிழிஞ்சா எண்ணெய்தான் தண்ணிக்குப் போகும். உங்க டிப்ஸ்டிக் கறுப்பா இருக்கிறதும் டப்பாவுல குமிழ் வராததும் அதோட ஒத்துப்போகுது. ஆனா ஒண்ணு, இன்ஜின் நின்ன பிறகு தண்ணி திரும்ப ஆயிலுக்கு இறங்கலாம், சம்ப்புக்கு (ஆயில் தேங்குற தொட்டி) அடியில தங்கிடும், டிப்ஸ்டிக்ல தெரியாது. வாங்கின உடனே டிரெயின் போல்ட்டை மெதுவா லூஸ் பண்ணி முதல்ல என்ன வருதுன்னு பாருங்க. தெளிஞ்ச தண்ணி வந்தா பேரிங் துருவை நினைச்சுப் பயப்படணும்.

சீல் விலை அற்பம், உழைப்புதான் அதிகம். எக்ஸாஸ்ட் ஹெடரைக் கழட்டினா கை போகும். அந்த ஹவுசிங்ல இருக்கிற ஆயில் பிரஷர் வால்வு பழைய மூணு துண்டு வகையா இருந்தா, திரும்ப மாட்டும்போது நேர்க்கோட்டுல வைக்கத் தனிக் கருவி வேணும். கோணலா உட்கார்ந்தா வால்வு சிக்கி ஆயில் பிரஷர் தாறுமாறாகும். பின்னாடி வந்த ஒத்தைத் துண்டு வால்வுக்கு அந்தத் தொல்லை இல்ல. களியை எடுக்க பாத்திரம் கழுவுற மெஷின் பவுடரைக் கரைச்சு விட்டு நாலஞ்சு தடவை கழுவணும். எண்ணெய் ஊறின ரேடியேட்டர் ஹோஸ் கொழகொழன்னு ஆயிருக்கும், எல்லாத்தையும் மாத்துங்க. கடைசியா நிரப்பும்போது முன்பக்கத்தை ஜாக்கில தூக்கி, மேலே இருக்கிற பிளீட் ஸ்க்ரூ வழியா காத்து எடுங்க.

"டொக் டொக்" கிளட்ச். இந்த வண்டியோட ஒரிஜினல் கிளட்ச் தட்டு நடுவுல ரப்பர். 30 வருஷம் தாண்டினா கிழியும். கியர்பாக்ஸ் பின்னாடி இருக்கிறதால சைலன்சர், டிரைவ் ஷாஃப்ட், கியர்பாக்ஸ் எல்லாம் இறக்கி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற டார்க் டியூபைப் பின்னாடி தள்ளித்தான் பெல் ஹவுசிங்குக்கு வர முடியும். பழகாத கைக்கு ரெண்டு வாரக் கடைசி. ஸ்பிரிங் வெச்ச தட்டு போடுங்க, மறுபடி ரப்பர் வேண்டாம். பெல் ஹவுசிங் இறக்கும் முன்னாடி அந்த ரெண்டு சென்சாரையும் கழட்டிடணும், இல்லாட்டி உடைச்சிடுவீங்க.

மல்டிமீட்டர்

கிளட்ச் வேலையை முதலில் தொடங்க வேண்டாம் என்பேன். இன்ஜின் தேறுமா என்று தெரியும்வரை அதில் காசு போடுவது வீண். வரிசை இப்படி இருக்கட்டும்: ஆயில் வடித்தல், பெல்ட் வேலை முழுவதும், ஆயில் கூலர் சீல், பெட்ரோல் பக்கம், பிறகு ஸ்டார்ட். சூடான பிறகு ஐட்லில் ஆயில் பிரஷர் 2 பார் அளவிலும், 4,000 சுற்றில் 4 பாருக்கு மேலும் நின்று, அடியில் தட்டல் சத்தம் இல்லையென்றால் கிளட்ச் வாங்குங்கள்.

பெல்ட் என்றால் ஒன்றல்ல, இரண்டு. டைமிங் பெல்ட், மற்றும் பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட். (நாலு சிலிண்டரில் இவ்வளவு பெரிய இன்ஜின் நடுங்காமல் இருக்க மிட்சுபிஷியிடம் உரிமம் வாங்கிப் போட்ட ஷாஃப்ட்கள் அவை.) கூடவே எல்லா ரோலர்களும், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், கிராங்க், கேம், இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட் சீல்கள். பேலன்ஸ் பல்சக்கரத்தில் சாவிப் பள்ளம் இரண்டு வெட்டியிருக்கும், ஜெர்மன் எழுத்தில் ஓ என்றால் மேல் ஷாஃப்ட், யு என்றால் கீழ் ஷாஃப்ட். மாற்றிப் போட்டால் இன்ஜின் ஓடும், ஆனால் பல் கிட்டிக்கிற அளவு அதிரும். பேலன்ஸ் பெல்ட்டை அதிகம் இறுக்கினால் ஊளையிடும். கிராங்க் போல்ட் 210 நியூட்டன் மீட்டர், பிளைவீல் லாக் போட்டுத்தான் இறுக்க வேண்டும், கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கை நம்பக் கூடாது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளும் டிஎம்இ ரிலேயும் வெளியே இருக்க, 10 வினாடி, 10 வினாடியாக செல்ஃப் அடித்து ஆயில் பிரஷர் முள் எழும்பட்டும். அதன் பிறகே ரிலே.

விலைக்கு வருவோம். வேலை உங்களுடையது என்றால், பாகங்கள் மட்டும், கனடா டாலரில் என் உத்தேசம் இது, கடைக்குக் கடை மாறும்: பெல்ட், பம்ப், சீல் வகை 700 முதல் 1,000. பெட்ரோல் பம்ப், பில்டர், ஹோஸ் 500 முதல் 700. பிரேக் லைன், ஹோஸ், காலிப்பர் 500 முதல் 800. டயர் 700 முதல் 900. கூலர் சீல், ஹோஸ், கூலன்ட் 300. கிளட்ச் 1,000 முதல் 1,500. ரிலே, சென்சார் 250 முதல் 300. இன்ஜின் மவுண்ட் 300 முதல் 400, அவை இந்நேரம் அமுங்கிப் போயிருக்கும். கூட்டினால் 4,250 முதல் 5,900. அவர் சொல்லும் 4,000-க்கு வாங்கினால் வரிக்கு முன்பே 9,900 வரை போகும், உங்கள் 10,000-ல் மிச்சம் எதுவும் இல்லை, பெயின்ட்டைத் தொடவே முடியாது. 2,500-க்குக் கேளுங்கள். கூலன்ட் களியையும் கிளட்ச் ஆட்டத்தையும் அவருக்கே காட்டுங்கள். 3,000-க்கு மேல் போக நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளவத்தை_வீல்

தம்பி, பேப்பர் விசயத்தை ஒருதரும் சொல்லேல்லை. ஒன்ராறியோவில தனியார் விக்கிறதெண்டால் சேர்விஸ் ஒன்ராறியோ குடுக்கிற வாகனத் தகவல் பொதியை அவர்தான் எடுத்துத் தரவேணும். அதில முந்தின உரிமையாளர்மார், கடன் ஏதும் காருக்கு மேல இருக்கோ எண்டு எல்லாம் இருக்கும். வின் எண்ணில (காரின்ர அடையாள எண்) பத்தாவது எழுத்து எச் எண்டிருந்தால்தான் 1987. 13 வீத வரி நீங்கள் கட்டவேணும்.

சேஃப்ரி சேட்டிபிக்கற் (றோட்டில ஓடத் தகுதி எண்ட சான்று) இல்லாமலே பெயர் மாத்தலாம், "தகுதியற்றது" எண்டு பதிவாகும், பிளேற் கிடைக்காது. வேலை எல்லாம் முடியுமட்டும் சேஃப்ரி எடுக்காதைங்கோ, அது 36 நாளுக்குத்தான் செல்லும். சேஃப்ரிக்கு விழுத்துறது துருப்பிடிச்ச பிரேக் லைன், வெடிச்ச ரயர், எழும்பாத லைற். மடங்கிக் கிடக்கிற ரெண்டு ஹெட்லைற்றையும் தூக்கிறது ஒரே மோட்டர்தான். அதில ஒரு குமிழ் இருக்கு, கையால சுத்தினால் லைற் எழும்பும், ஆனா சோதனைக்கு அது காணாது, மோட்டர் வேலை செய்யோணும்.

30 வருசம் தாண்டினபடியால் ஹிஸ்ரோறிக் பிளேற்றும் எடுக்கலாம், ஆனா அது கண்காட்சி, ஊர்வலம் மாதிரியான ஓட்டத்துக்குத்தான். வேலைக்குப் போய்வர எண்டால் சாதாரண பிளேற்.

பாடி கல்வனைஸ் பண்ணினது எண்டு நம்பி ஏமாறாதைங்கோ. தகடு தப்பும், ஆனா இந்த ஊர் உப்பு பிரேக் லைன், பெற்றோல் லைன், கீழ்ச் சட்டங்களை விடாது. ஜாக் வைக்கிற இடத்தில ஸ்க்ரூட்ரைவரால குத்திப் பாத்தனீங்களோ? விலை படியாட்டி அரிசோனா பக்கம் காய்ஞ்ச கார் ஒண்டு தேடுங்கோ. 15 வருசத்துக்கு மேற்பட்டதெண்டால் கனடாவுக்குக் கொண்டு வாறதில இறக்குமதிப் பதிவுப் பரிசோதனை இல்லை.

ஸ்காபரோ_கராஜ்

ஜாக் பொயின்ற் குத்திப் பாத்தன், திடமா இருக்கு. 2,800க்கு முடிஞ்சுது, பொதியும் தந்திட்டார். புதன்கிழமை ஏத்தப் போறன். பின்சில்லு ரெண்டில ஒண்டு இறுகிப்போய் நிக்குது, இழுத்தா வருமோ?

பழைய_இரும்பு

தரதரன்னு இழுக்காதீங்க, ஹேண்ட்பிரேக் ஷூ உள்ளே ஒட்டியிருக்கு. இந்த வண்டிக்கு டிஸ்க்குக்கு உள்ளேயே சின்ன டிரம் இருக்கு. வீலைக் கழட்டி, டிஸ்க் முகத்துல இருக்கிற ஓட்டை வழியா ஸ்க்ரூட்ரைவர் விட்டு நட்சத்திர அட்ஜஸ்டரைத் தளர்த்துங்க, சுத்தியலால டிஸ்க்கைச் சுத்தி நாலு தட்டு தட்டுங்க, விட்டுடும். காலிப்பர் பிஸ்டன் பிடிச்சிருந்தா பிளீட் நிப்பிளைத் திறந்துட்டு பிஸ்டனை உள்ளே தள்ளிப் பாருங்க.

பிளாட்பெட் லாரி மட்டும்தான், வின்ச் போட்டு. டயர்ல காத்து நிரப்புற பம்ப் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. சாவி இல்லாம ஸ்டீயரிங் லாக் விடாது. அதோட வீல் லாக் நட்டுக்கான சாவித் துண்டை இப்பவே அவர்கிட்ட கேட்டு வாங்குங்க, பெரும்பாலும் டிக்கியில டூல் பைக்குள்ள கிடக்கும். அது இல்லாம அந்த வீலைக் கழட்டவே முடியாது.